முதல் வேலையே ஐசியூவா இருக்கணுமா? – குடியாத்தம் வாசகிக்கு ஒரு சீனியர் நர்ஸோட பதில்

குடியாத்தம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து ஒரு பொண்ணு நாலு பக்கத்துக்கு லெட்டர் எழுதியிருக்காங்க. பேரு போட வேணாம்னு கேட்டிருக்காங்க, ஆஸ்பத்திரி பேரையெல்லாம் நானே எடுத்துட்டேன். விஷயம் இதுதான்.

23 வயசு. பி.எஸ்சி நர்சிங் 68 பர்சென்ட்ல முடிச்சு டி.என்.என்.எம்.சி (தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்) ரிஜிஸ்ட்ரேஷனும் வாங்கியாச்சு. அப்பா லுங்கி தறி ஓட்றாரு, அம்மா பீடி சுத்துறாங்க. எஜுகேஷன் லோன் தவணை அடுத்த மாசத்துல இருந்து 6,800 ரூபா. கைல மூணு ஆஃபர் இருக்கு. முதலாவது, வீட்டுல இருந்து பஸ்ல அரை மணி நேரத்துல ஒரு 30 பெட் ஆஸ்பத்திரி, நேரா ஐசியூ, 16,000 சம்பளம், ஆனா ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் குடுக்கணும், ரெண்டு வருஷம் நிக்கணும். ரெண்டாவது, வேலூர்ல ஒரு பெரிய டீச்சிங் ஆஸ்பத்திரி, ஒரு வருஷ டெம்பரரி, ஜெனரல் மெடிசின் வார்டு, 15,500. மூணாவது, சென்னைல ஒரு கார்ப்பரேட் ஆஸ்பத்திரி, ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்ச பேஷன்ட்ஸ் இருக்கிற சி.டி ஐசியூ, 24,000, அதுல ஹாஸ்டலுக்கு 4,000 புடிப்பாங்க, 2 வருஷ பாண்ட், உடைச்சா 1 லட்சம், கூடவே கையெழுத்து போட்ட ரெண்டு வெத்து செக்.

ஆசையும் ரெண்டு. ஒண்ணு கிரிட்டிக்கல் கேர்ல நர்ஸ் பிராக்டிஷனர் ஆகணும், இல்லேன்னா அமெரிக்கா போய் நர்ஸ் அனஸ்தடிஸ்ட், அதாவது மயக்க மருந்து குடுக்கிற நர்ஸ் ஆகணும். 'வார்டு எக்ஸ்பீரியன்ஸ் ஜீரோ, ஐசியூ மட்டும்தான் கணக்கு'ன்னு காலேஜ் சீனியர் சொல்லிட்டாங்களாம். மாமா எம்.ஆர்.பி, அதான் கவர்மென்ட் ஆஸ்பத்திரி வேலைக்கான பரீட்சை, எழுதுன்றாரு. அப்பா மட்டும் 'இன்னாமா, இத்தினி படிச்சிட்டு வார்டுல போய் பெட்பேன் எடுக்கப் போறியா'ன்னு கேட்டாராம். எதை எடுக்கிறதுன்னு தெரியல, பதில் சொல்லுங்கன்னு முடிச்சிருக்காங்க.

சரிம்மா, ஒவ்வொண்ணா பாக்கலாம். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், முதல் வேலைய சம்பளம் பாத்தோ வார்டு பேரு பாத்தோ எடுக்காதீங்க, அங்க எவ்ளோ சீரியஸான பேஷன்ட்ஸ் வர்றாங்க, உங்க பக்கத்துல நின்னு சொல்லித்தர யாரு இருக்காங்க, அந்த அனுபவம் பின்னாடி பேப்பர்ல நிக்குமா, இந்த மூணையும் பாத்து எடுங்க. உங்க லெட்டர்ல சம்பளம் இருக்கு, பாண்ட் இருக்கு, பஸ் டைமிங் கூட இருக்கு, ஆனா ராத்திரி டியூட்டில ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட்னு எந்த ஆஸ்பத்திரிக்கும் நீங்க எழுதல. கேக்கவே இல்லன்னு நினைக்கிறேன்.

வார்டுக்குப் போனா ஒரு வருஷம் வேஸ்டா?

உங்க சீனியர் சொன்னது பாதி சரி. நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர், அதான் என்.பி.சி.சி, ரெண்டு வருஷ எம்.எஸ்சி ரெசிடென்ஸி கோர்ஸ். இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சில 55 பர்சென்ட், அப்புறம் குறைஞ்சது ஒரு வருஷம் கிளினிக்கல் அனுபவம் வேணும், அது கிரிட்டிக்கல் கேர்ல இருந்தா நல்லதுன்னுதான் போட்டிருக்கு, ஐசியூ இல்லேன்னா அப்ளிகேஷனே போடக்கூடாதுன்னு இல்ல. சாதாரண எம்.எஸ்சி நர்சிங்குக்கும் ஒரு வருஷ அனுபவம்தான். ஆக வார்டுல போற வருஷமும் கணக்குல வருது. ஆனா செலக்ஷன்ல ஐசியூ பாத்தவங்களுக்கு ஒரு படி மேல இடம் இருக்கும்ன்றதும் நிஜம், அதை மறைக்க மாட்டேன்.

இதுல உங்க சீனியருக்குத் தெரியாதது, வேலூர்ல மெடிசின் வார்டுன்னா என்னன்றதுதான். நம்ம பழைய வடாற்காடு ஜில்லாவுல சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து பாம்புக்கடி, பூச்சி மருந்து குடிச்சவங்க, ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல்னு வர்றவங்க எல்லாரையும் எங்க வைப்பாங்கன்னு நினைக்கிறீங்க? ஐசியூல இடம் இருந்தா அங்க, இல்லேன்னா வார்டுலதான். ஓ.பி பாய்சன் (ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சி மருந்து) குடிச்ச பேஷன்ட் ஒருத்தர் அட்ரோபின்ற மாத்து மருந்து ட்ரிப்ல இருக்காருன்னா நெஞ்சுல கரகரப்பு இருக்கா, பல்ஸ் எவ்ளோ, அக்குள்ல வேர்வை காஞ்சிருக்கா, கண்ணுப்பாப்பா எப்டி இருக்குன்னு திரும்பத் திரும்பப் பாக்குறது நர்ஸ்தான். முதல் நாள் நல்லா தேறிட்டாரு, பேசுறாரு, இட்லி கேக்குறாரு, அப்புறம் 24 மணி நேரத்துல இருந்து 96 மணி நேரத்துக்குள்ள கழுத்துத் தசை வீக் ஆகி மூச்சு நின்னுப் போக சான்ஸ் இருக்கு. 'தலகாணில இருந்து தலையத் தூக்குங்கண்ணே'ன்னு ரவுண்ட்ஸுக்கு ரவுண்ட்ஸ் கேக்குற நர்ஸ் அதை மெஷினுக்கு முன்னாடி கண்டுபிடிப்பாங்க. பாம்புக்கடி கேஸ்ல கண்ணாடி டியூப்ல ரத்தத்த எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வெச்சு உறையுதான்னு பாக்குறது, கண் இமை தொங்குதான்னு பாக்குறது, ஒரே மூச்சுல எத்தனை வரைக்கும் எண்ண முடியுதுன்னு பாக்குறது, இதெல்லாம் கிரிட்டிக்கல் கேர் இல்லாம வேற என்ன?

ஐசியூல மானிட்டர் கத்தும். வார்டுல கத்துறதுக்கு ஒண்ணும் இல்ல, உங்க கண்ணுதான். எல்லா சார்ட்லயும் ரெஸ்பிரேட்டரி ரேட் 20, 20, 20ன்னு எழுதிட்டுப் போற பழக்கம் ஒண்ணு இருக்கு பாருங்க, (எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், எல்லா ஆஸ்பத்திரியும்தான்) அதை விட்டுட்டு நிஜமா ஒரு நிமிஷம் நின்னு எண்ற நர்ஸா முதல் வருஷத்துல ஆயிட்டீங்கன்னா அப்புறம் எந்த ஐசியூ இன்சார்ஜும் உங்கள விட மாட்டாங்க.

அப்பாவோட பெட்பேன் கேள்விக்கு வர்றேன். ஐசியூலயும் பெட்பேன் உண்டு, வென்டிலேட்டர்ல இருக்கிற பேஷன்டுக்கு வாய் கழுவுறதுல இருந்து முதுகு புண்ணு வராம திருப்பிப் போடுறது வரைக்கும் நர்ஸ்தான், வார்டுல அட்டெண்டர் செய்யுற வேலை கூட அங்க உங்க கைக்குதான் வரும். இத அப்பாகிட்ட சிரிச்சிட்டே சொல்லிடுங்க.

ஐசியூன்னு போர்டு மாட்டினா ஐசியூ ஆயிடாது

முதல் ஆஃபர் பத்தி நீங்க எழுதினதுல ஒரு வரிதான் என்ன உறுத்துச்சு. 'நைட்ல டாக்டர் மேல் ரூம்ல இருப்பாரு, போன் பண்ணா வருவாரு, ஒரு சிஸ்டர் இருப்பாங்க, அஞ்சு பெட்'னு. அந்த ஒரு சிஸ்டர் நீங்கதான்மா. வென்டிலேட்டர்ல இருக்கிற பேஷன்டுக்கு ஒருத்தருக்கு ஒரு நர்ஸ்ன்றதுதான் நம்ம நாட்டு நார்ம்லயே இருக்கு. நேத்து பாஸ் பண்ண பொண்ண அஞ்சு பெட்டுக்கு தனியா நிறுத்தினா, கத்துக்கிறது கம்மி, பயப்படுறது ஜாஸ்தி, தப்பு நடந்தா கேஸ் ஷீட்ல இருக்கிற கையெழுத்து உங்களோடது. நீச்சல் தெரியாதவங்கள கிணத்துல தள்ளிட்டு கத்துக்கோன்னு சொல்ற மாதிரிதான் அது.

எந்த ஐசியூ இன்டர்வியூவா இருந்தாலும் ஹெச்.ஆர்கிட்ட கேக்காதீங்க, நர்சிங் சூப்பிரண்ட்கிட்ட கேளுங்க:

- இன்னிக்கு வென்டிலேட்டர்ல எத்தனை பேர் இருக்காங்க? (மெஷின் எத்தனைன்னு கேட்டா பெருமையா சொல்லுவாங்க, பேஷன்ட் எத்தனைன்னு கேளுங்க)
- நைட்ல ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட்? டாக்டர் யூனிட்டுக்குள்ளயே இருப்பாரா?
- ஏ.பி.ஜி மெஷின் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்குறது) உள்ளயே இருக்கா, ஆர்ட்டீரியல் லைன் (பி.பி.ய விடாம பாக்க ரத்தக்குழாய்ல போடுற ட்யூப்) போடுறாங்களா?
- புதுசா சேர்ற நர்ஸ் எத்தனை வாரம் சீனியரோட சேந்து பாப்பாங்க, தனியா பேஷன்ட் எப்போ குடுப்பீங்க?

கடைசி கேள்விக்கு 'அதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிடும்மா'ன்னு பதில் வந்தா அங்க இருந்து கிளம்பிடுங்க.

சென்னை ஆஃபர் இந்த விஷயத்துல உண்மையிலேயே நல்ல ஆஃபர். சி.டி ஐசியூல ஆர்ட்டீரியல் லைன், ஐநோட்ரோப்ஸ் (ஹார்ட்ட பலமா துடிக்க வெக்கிற மருந்து), பேசிங் (மெஷின் வெச்சு ஹார்ட்ட துடிக்க வெக்கிறது), செஸ்ட் ட்ரெயின் (நெஞ்சுல சேர்ற ரத்தத்த வெளிய எடுக்குற ட்யூப்) எல்லாம் தினமும் கைல வரும், அதுவும் முறையா. ஆனா அங்க வர்ற பேஷன்ட் எல்லாரும் பெரும்பாலும் ஒரே பாதையில போறவங்க, ஆபரேஷன் முடிஞ்சு வந்து, ட்யூப் எடுத்து, வார்டுக்குப் போயிடுவாங்க, என்ன நோய்னே தெரியாம வந்து நிக்கிறவங்கள அங்க அதிகம் பாக்க மாட்டீங்க. ரெண்டு வருஷ பாண்டுன்னா என்.பி.சி.சி ஒரு வருஷம் தள்ளிப் போகும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

அமெரிக்கா கனவு, அதோட நிஜ கணக்கு

இது கொஞ்சம் கஷ்டமான பகுதி, ஆனா உங்களுக்கு யாரும் முழுசா சொல்லலன்னு லெட்டர்லயே தெரியுது. 'இங்க ரெண்டு வருஷம் ஐசியூ பாத்தா நேரா சி.ஆர்.என்.ஏ (நர்ஸ் அனஸ்தடிஸ்ட்) கோர்ஸ்ல சேரலாம், வருஷத்துக்கு ரெண்டு லட்சம் டாலர்'னு எழுதியிருக்கீங்க. சம்பளம் அவ்ளோ வருது, அதுல பொய் இல்ல. ஆனா அந்த கோர்ஸ்ல சேர குறைஞ்சது ஒரு வருஷம் ஃபுல்டைம் கிரிட்டிக்கல் கேர் அனுபவம் வேணும், அதை அமெரிக்காவுலயோ அவங்க ராணுவ ஆஸ்பத்திரியிலயோ வாங்கியிருக்கணும். வேலூர் ஐசியூவோ சென்னை ஐசியூவோ அந்த ஒரு வருஷத்துக்கு ஈடாகாது. அதுக்கு மேல, 2022 ஜனவரில இருந்து அந்த கோர்ஸ்ல சேர்ற எல்லாருக்கும் அது டாக்டரேட் படிப்பு, மூணு வருஷம், படிக்கும்போது வேலைக்குப் போறது கிட்டத்தட்ட முடியாது, ஃபீஸும் அந்த ஊர் ஃபீஸ்.

அங்க போறதுக்கே என்.சி.எல்.இ.எக்ஸ்ன்ற நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணணும், இங்கிலீஷ் டெஸ்ட் எழுதணும், வீசாவுக்கு வேண்டிய வீசா ஸ்க்ரீன் சர்டிபிகேட் வாங்கணும், இதெல்லாம் உழைச்சா முடியும். முடியாதது கியூ. இந்தியாவுல பொறந்த நர்ஸுங்களுக்கு கிரீன் கார்டு வரிசை பத்து வருஷத்துக்கும் மேல பின்னாடி நிக்குது. அதனால இந்தக் கனவ விட்டுடுங்கன்னு சொல்லல, என்.சி.எல்.இ.எக்ஸ் எழுதி வரிசைல பேர போட்டு வெக்கிறதுல தப்பே இல்ல, ஆனா அத நம்பி முதல் வேலைய முடிவு பண்ணாதீங்க. 'அமெரிக்காவுக்கு ஐசியூ வேணும்'னு சொல்லி ஒரு மோசமான ஐசியூல மாட்டிக்கிறதுதான் ரொம்பப் பேர் பண்றது.

மயக்க மருந்து வேலைதான் உங்களுக்குப் புடிக்குதுன்னா நம்ம நாட்டுல அது அனஸ்தீசியா டாக்டரோட வேலை, நர்ஸ் தனியா குடுக்க முடியாது. ஆபரேஷன் ரூம் நர்சிங்ல ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கு, கிரிட்டிக்கல் கேர், கார்டியோதொராசிக், எமர்ஜென்சி, நியோநேட்டல்னு இதே மாதிரி நிறைய இருக்கு, நம்ம வேலூர் சி.எம்.சி மாதிரி இடங்கள்ல வருஷா வருஷம் அட்மிஷன் போடுறாங்க, பிராஸ்பெக்டஸ வாங்கிப் பாருங்க. சி.எம்.சில 1909ல நர்ஸ் டிரெய்னிங் ஆரம்பிச்சு 1946லயே டிகிரி கோர்ஸ் கொண்டு வந்துட்டாங்க, அப்படி ஒரு ஊர்ல இருந்துட்டு வெறும் வாட்ஸப் ஃபார்வர்ட நம்பி கெரியர் பிளான் பண்றது எனக்கு ஆச்சரியமா இருக்கு, கோச்சுக்காதீங்க.

என்.பி.சி.சி பத்தியும் ஒரு விஷயம். அது படிச்சா டாக்டர் மாதிரி தனியா மருந்து எழுதலாம்னு நினைச்சிருக்கீங்க. இல்ல. ஆஸ்பத்திரியோட புரோட்டோகாலுக்குள்ள, டாக்டர் டீமோட சேந்து வேலை பாக்கணும், அதுக்குன்னு தனி போஸ்ட் உருவாக்கி வெச்சிருக்கிற ஆஸ்பத்திரிகளும் இன்னும் கம்மி. ஆனா படிப்புல பெரும்பங்கு பெட்சைடுலதான், நர்சிங்க விட்டுட்டு கிளாஸ் எடுக்கப் போக வேணாம்னு நினைக்கிறவங்களுக்கு நம்ம நாட்டுல இருக்கிறதுல அதுதான் நல்ல வழின்னு நான் நினைக்கிறேன்.

பாண்டும் ஒரிஜினலும்

'பாண்டெல்லாம் சட்டப்படி செல்லாது, கையெழுத்து போட்டுட்டு ஓடிடலாம்'னு ஃபிரெண்ட் சொன்னதா எழுதியிருக்கீங்க. அந்த காலம் போச்சு. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஒரு பேங்க் கேஸ்ல, மூணு வருஷம் வேலை பாக்கணும் இல்லேன்னா 2 லட்சம் கட்டணும்ன்ற கண்டிஷன் செல்லும்னு தீர்ப்பு குடுத்துச்சு. அது பப்ளிக் செக்டார் பேங்க், ஆள் எடுக்க அவங்களுக்கு ஆன செலவையும் பாத்துதான் சொன்னாங்க. தனியார் ஆஸ்பத்திரின்னா காண்ட்ராக்ட் ஆக்ட் 74ஆவது பிரிவுப்படி நியாயமான நஷ்ட ஈடு மட்டும்தான் கேக்க முடியும், பேப்பர்ல போட்ட தொகை முழுசா கிடைச்சிடும்னு இல்ல. ஆனா கோர்ட்டுக்கு இழுத்தா அலையப் போறது நீங்க. அதனால செல்லாதுன்னு நினைச்சு கையெழுத்து போடாதீங்க, செல்லும்னு நினைச்சே படிச்சுப் பாருங்க. சென்னைக்காரங்ககிட்ட பாண்ட ஒரு வருஷமா குறைக்க முடியுமா, மாசாமாசம் அந்த 1 லட்சம் குறைஞ்சுட்டே வருமான்னு மெயில்லயே கேளுங்க.

வெத்து செக் மட்டும் கூடவே கூடாது. தொகைய அவங்க நிரப்பி பேங்க்ல போட்டு திரும்பி வந்தா செக் பவுன்ஸ், நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட் 138ஆவது பிரிவு, கிரிமினல் கேஸ். அத எடுத்துட்டா சேர்றேன்னு சொல்லுங்க, அவங்க ஒத்துக்கலன்னா அந்த ஆஃபர் போகட்டும்.

ஒரிஜினல் சர்டிபிகேட் உங்க சொத்து. சரிபார்க்க காட்டலாம், ஜெராக்ஸ்ல கையெழுத்து போட்டு குடுக்கலாம், அவங்க பீரோல வெச்சுப் பூட்ட எந்த உரிமையும் கிடையாது. நாளைக்கு கவுன்சில்ல ஏதாவது மாத்தணும், கோர்ஸ் கவுன்சிலிங் போகணும், பாஸ்போர்ட் எடுக்கணும்னா என்ன பண்ணுவீங்க?

சம்பளத்தப் பத்தியும் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி 2016லயே, 50 பெட்டுக்குக் கீழ இருக்கிற ஆஸ்பத்திரில கூட நர்ஸ் சம்பளம் 20,000க்குக் குறையக்கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு. பரிந்துரைதான், அத வெச்சு நாளைக்கே சண்டை போட முடியாது. ஆனா 16,000ஐ 'ஃபிரெஷருக்கு இதுவே ஜாஸ்தி'ன்னு ஒருத்தர் சொல்லும்போது தலையாட்ட வேணாம்.

மாமா சொல்ற எம்.ஆர்.பி

எழுதுங்க, தாராளமா எழுதுங்க, எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்கிற நார்செட் பரீட்சையும் எழுதுங்க, பி.எஸ்சி முடிச்சவங்களுக்கு அதுக்கு அனுபவம் கூட தேவையில்ல. படிக்கிற அனாடமியும் ஃபார்மகாலஜியும் எங்க போனாலும் உதவும். ஆனா எம்.ஆர்.பில தொகுப்பூதியத்துலதான் ஆரம்பம், பெர்மனன்ட் ஆக காத்திருக்கணும், போஸ்டிங் அடுக்கம்பாறை கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில வருமா இல்ல ஏதோ ஒரு பி.ஹெச்.சில வருமான்னு உங்க கைல இல்ல. பி.ஹெச்.சி கேவலம்னு சொல்லல, உங்க ஆசை வேற திசைல இருக்குன்னுதான் சொல்றேன்.

அப்போ எதை எடுக்கிறது?

நானா இருந்தா வேலூர் வார்டுதான். மூணுல சம்பளம் கம்மி, ஆனா 15,500ல 6,800 தவணை போனாலும் வீட்டுல இருந்தோ ஹாஸ்டல்ல இருந்தோ ஒரு வருஷம் ஓட்டிடலாம், ரொம்ப இறுக்குச்சுன்னா பேங்க்ல போய் தவணைக் காலத்த நீட்டிக் குடுப்பாங்களான்னு நேர்ல கேளுங்க. பாண்ட் இல்ல, வருஷம் முடிஞ்சதும் கோர்ஸுக்கு அப்ளை பண்ற தகுதி வந்துடும். வங்காளத்துல இருந்தும் ஜார்க்கண்ட்ல இருந்தும் வர்ற பேஷன்ட்ஸ்கிட்ட 'வலி எங்க இருக்கு, எப்போல இருந்து'ன்னு ஹிந்திலயும் பெங்காலிலயும் கேக்கக் கத்துக்கலாம், காந்தி ரோட்ல டீக்கடைக்காரரே பேசுறாரு, உங்களால முடியாதா. சேர்றதுக்கு முன்னாடியே நர்சிங் சூப்பிரண்ட பாத்து, ஆறு மாசம் கழிச்சு ஹெச்.டி.யூவுக்கோ (வார்டுக்கும் ஐசியூவுக்கும் நடுவுல இருக்கிற யூனிட்) மெடிக்கல் ஐசியூவுக்கோ மாத்த வாய்ப்பு இருக்கான்னு கேளுங்க. வார்த்தையா சொன்னா கூட போதும், ஆறாவது மாசம் ஞாபகப்படுத்துற வேலை உங்களோடது. நடுவுல ஹார்ட் நின்னவங்களக் காப்பாத்துற பி.எல்.எஸ், ஏ.சி.எல்.எஸ் டிரெய்னிங் முடிச்சுடுங்க, ரெண்டு வருஷம்தான் செல்லும், அதனால அப்ளை பண்ற நேரத்துக்குப் பக்கமா வெச்சு எடுங்க.

மாறுதல் வாய்ப்பே இல்ல, டெம்பரரிய நடு வருஷத்துல முடிச்சாலும் முடிச்சுடுவோம்னு அவங்க சொன்னா, அப்போ சென்னை. செக் இல்லாம, பாண்ட் குறைஞ்சு.

எங்க சேர்ந்தாலும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள ஸ்லிப், பி.எஃப் யூ.ஏ.என் மூணும் முதல் மாசத்துல இருந்தே ஒரு ஃபைல்ல போடுங்க. போகும்போது வாங்குற எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ல எந்த டிபார்ட்மென்ட், எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், ஆஸ்பத்திரி எத்தனை பெட்னு இருக்கணும். 'ஷி வாஸ் வெரி சின்சியர்'னு மட்டும் எழுதின சர்டிபிகேட்ட வெச்சுட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

லெட்டர் கடைசில பின்குறிப்பு மாதிரி, அந்த 30 பெட் ஆஸ்பத்திரில பிளஸ் டூ மார்க்‌ஷீட் ஒரிஜினல ஏற்கனவே குடுத்துட்டேன்னு எழுதியிருக்கீங்க. மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல அத வாங்குங்க. நாளைக்கே அப்பாவ கூட்டிட்டுப் போங்க, சண்டை போட வேணாம், 'வேற இடத்துல வெரிஃபிகேஷன் இருக்கு, மார்க்‌ஷீட் வேணும்'னு ரெண்டு காப்பி எழுதி ஒண்ணு அவங்களுக்குக் குடுத்துட்டு இன்னொண்ணுல சீல் வாங்கிக்கோங்க. சீல் போட மாட்டேன்னா அதே லெட்டர ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி கிடைக்கிற மாதிரி அனுப்புங்க. ஒரு வாரம் கழிச்சும் தரலன்னா அந்த ரசீதோட போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு மனு, அதோட காப்பி டி.என்.என்.எம்.சிக்கு. பெரும்பாலும் ஸ்டேஷன் வரைக்கும் போக வேண்டி வராது, அந்த லெட்டர் அவங்க கைக்குப் போனதுமே போன் வந்துடும். மார்க்‌ஷீட் கைக்கு வந்தப்புறம் வேலூருக்கு ஜாயினிங் டேட் சொல்லுங்க.